நடிக்கத் தெரியாதவர்களின் நாடகம்: ரிமினி புரோட்டோகோல் பற்றி ஒரு சந்தேகம்

கடைசிவரிசை எழுதியது:

ஜெர்மன் குழு ஒன்றின் நாடகப் பதிவு பார்க்கக் கிடைத்தது. குழுவின் பெயர் ரிமினி புரோட்டோகோல், நாடகம் '100 சதவீதம் பெர்லின்'. வட்ட மேடையில் 100 பேர். ஒருத்தர்கூட நடிகர் கிடையாது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிட்டு நகர்கிறார். பிறகு கேள்விகள். ஒரு பக்கம் 'நான்' என்று பலகை, மறுபக்கம் 'நான் இல்லை' என்று பலகை. பதிலுக்குத் தகுந்தபடி ஆட்கள் அங்கும் இங்கும் நடக்கிறார்கள். மேலிருந்து ஒரு கேமரா அதைப் படம்பிடித்துத் திரையில் போடுகிறது. புள்ளிவிவரப் புத்தகத்தில் வரும் வட்ட வரைபடத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கிறது.

கதை இல்லை, பாத்திரம் இல்லை. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. இதை நாடகம் என்று சொல்லலாமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. தன் சொந்தக் கதையை ஒருத்தர் முதல் நாள் சொல்வது சரி. ஊர் ஊராகப் போய் முப்பதாவது தடவை சொல்லும்போது அதுவும் நடிப்புதானே? அப்புறம் நடிகரை வைத்தே சொல்ல வேண்டியதுதானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரங்காடி எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

ரிமினி என்பது ஹெல்கார்ட் ஹௌக், ஸ்டெஃபான் கேகி, டானியல் வெட்செல் என்று மூன்று பேர். கேகி சுவிஸ்காரர். மூவரும் கீஸன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர்கள். 1982-ல் ஆந்த்ஷே விர்ட் ஆரம்பித்த துறை அது. நடிப்புப் பயிற்சி கொடுக்கும் இடம் இல்லை. நாடகம் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே செய்து பார்க்கிற இடம். ஷீ ஷீ பாப் நாடகக் குழு, இயக்குநர் ரெனே போலெஷ் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

இவர்கள் மூவரும் சேர்ந்து செய்த முதல் வேலை 2000-ல், ஃப்ராங்ஃபர்ட்டில். விஷயம் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம். மேடையில் இருந்தவர்கள் எண்பது வயதை ஒட்டிய நான்கு பாட்டிகள். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பந்தய ஓட்டுநரும் எண்பது வயதுக்காரரும் இயந்திரத்தின் துணையோடுதான் நகர்கிறார்கள். இருவருக்கும் ஒரு கணம் கவனம் பிசகினால் ஆபத்து. இருவருக்கும் பின்னால் ஓடிவந்து பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் வேண்டும். இதில் அந்தப் பாட்டிகளுக்குப் பரிதாபம் தேடித் தரும் வேலையே இல்லை. முதுமையில் கைதேர்ந்தவர்களாகத்தான் அவர்கள் வந்து நின்றார்கள். 'அன்றாடத்தின் நிபுணர்கள்' என்று இவர்கள் தங்கள் ஆட்களை அழைப்பது அதனால்தான்.

ஆவண அரங்கு ஜெர்மனிக்குப் புதிது இல்லை. 1925-லேயே இயக்குநர் எர்வின் பிஸ்காடர் செய்தித்தாளையும் படச்சுருளையும் மேடைக்குக் கொண்டுவந்தார். 1965-ல் பீட்டர் வைஸ், ஆஷ்விட்ஸ் முகாம் வழக்கின் சாட்சியங்களிலிருந்து 'விசாரணை' நாடகத்தை எழுதினார். கிழக்கு, மேற்கு ஜெர்மனி இரண்டிலும் ஒரே நாளில் பல அரங்குகளில் அது ஏறியது. ஆனால் அங்கெல்லாம் ஆவணம் மட்டும்தான் உண்மை, பேசியவர் நடிகர். இவர்கள் ஆவணத்துக்குப் பதில் ஆளையே கூட்டிவந்துவிட்டார்கள்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

ஆளைக் கூட்டிவருகிறார்கள், சரி. கைதட்டல் யாருக்கு? 2008-ல் ஐரோப்பிய நாடகப் பரிசின் 'புதிய நாடக யதார்த்தங்கள்' விருது, 2011-ல் வெனிஸ் பினாலே கலைவிழாவில் வெள்ளிச் சிங்கம் விருது. எல்லாம் குழுவின் பெயரில். வாழ்ந்தவன் ஒருத்தன், பரிசு வாங்குபவன் இன்னொருத்தன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

ஸ்ப்ரேக்கரை எழுதியது:

நான் பெர்லினில இருக்கிறன். உவையின்ர வேலையள் கொஞ்சம் நேரில பாத்தனான், அதால சொல்லுறன்.

'100 சதவீதம்' மேடையில தெரியிறது பாதிதான். மிச்சப் பாதி ஆக்களைச் சேர்க்கிற விதம். 2008-ல இஞ்ச பெர்லினில இருக்கிற ஹெப்பெல் அரங்கின்ர நூறாவது ஆண்டுக்காகச் செய்தவை. முதலாவது ஆள் புள்ளிவிவரத் திணைக்களத்தில வேலை செய்யிறவர். அவர் தனக்குத் தெரிஞ்ச ஒராளைக் கொண்டுவர வேணும். அந்த ஆள் 24 மணித்தியாலத்துக்குள்ள அடுத்த ஆளைக் கொண்டுவர வேணும். இப்பிடியே 100 வரைக்கும் சங்கிலி. வயது, ஆணா பெண்ணா, எந்தப் பகுதி, எந்த நாட்டுக் குடியுரிமை, தனியவோ குடும்பமாவோ எண்ட கணக்கெல்லாம் நகரத்தின்ர விகிதத்தோட பொருந்த வேணும். பெர்லினில அப்ப 34 இலட்சம் சனம். எண்டால் மேடையில நிக்கிற ஒவ்வொருத்தரும் 34,000 பேருக்காக நிக்கினம்.

தொடக்கத்தில லேசு. எல்லாரும் தங்கட கூட்டாளிமாரைக் கொண்டுவருவினம். 70, 80 தாண்டினாப் பிறகுதான் கஷ்டம். 'இன்ன பகுதியில தனிய இருக்கிற, இன்ன வயசுக்காரர் ஒராள் வேணும்' எண்டு வரேக்க, எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாதே எண்டு விளங்கும். ஒரு நகரத்தில ஆர் ஆரோட பழகிறதில்லை எண்டது அந்த இடத்தில வெளிச்சுப் போகும். என்னைக் கேட்டால் நாடகமே அதுதான். மேடையில நடக்கிறது அதின்ர கணக்கு வாசிப்பு.

இன்னொண்டு. ஒரு கட்டத்தில விளக்கை நிப்பாட்டிப் போடுவினம். வெளிச்சத்தில பதில் சொல்ல வெக்கப்படுற, பயப்படுற கேள்வியள் அப்ப வரும். 'ஓம்' எண்டுறவை இருட்டுக்குள்ள டோர்ச் அடிப்பினம். ஆர் எண்டு தெரியாது, எத்தினை வெளிச்சம் எண்டு மட்டும் தெரியும். முன்னுக்கு இருந்த சனம் மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டு இருந்தது.

வெட்டிப்பேச்சு, காசைப் பற்றி: ஊர் ஊராப் போற நாடகங்களில ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கினம். ஆனா பேர் ஆருக்குப் போகுது எண்ட உங்கட கேள்வி ஞாயமானதுதான், நான் மறுக்கேல்லை.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

நாடகம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா இவங்க 2005-ல பண்ண கொல்கத்தா கால் சென்டர் நாடகம் பத்திப் படிச்சப்ப நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன், ஏன்னா அந்த வருஷம் நான் சென்னையில அதே வேலைதான் பார்த்துட்டு இருந்தேன்.

'கால் கட்டா'ன்னு பேரு. பெர்லின்ல டிக்கெட் வாங்கின ஆள் கையில ஒரு செல்போன் கொடுத்துடுவாங்க. அதுல ஒரு குரல் பேசும். கொல்கத்தாவுல கால் சென்டர்ல உட்கார்ந்து பேசுற நிஜ ஊழியரோட குரல். 'இடது பக்கம் திரும்புங்க, அந்தக் கேட்டைத் திறங்க'ன்னு, தான் கண்ணாலயே பார்க்காத ஊர்ல அவரை நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. நடுவுல சுபாஷ் சந்திர போஸ் கதை வரும். அவர் 1941-லேருந்து 43 வரைக்கும் ஜெர்மனியில இருந்து படை திரட்டினாரே, அது. பெர்லின்காரனுக்கே தெரியாத பெர்லின் கதையைக் கொல்கத்தாவிலேருந்து ஒரு பொண்ணு சொல்லுது!

எங்க ஃப்ளோர்ல எப்படித் தெரியுமா? சாயங்காலம் சுமோ வந்து வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கும். உள்ள போனதும் நான் கெவின். ஸ்க்ரீன்ல கஸ்டமர் ஊரோட மணியும் வெதரும் ஓடும், 'அங்க மழையா சார்?'னு கேட்கறதுக்கு. எந்த ஊர்லேருந்து பேசறேன்னு கேட்டா மழுப்பணும். எல்லாத்துக்கும் மேல ஏ.ஹெச்.டி. ஒரு காலுக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு. பெரியவர் யாராவது பேச ஆளில்லாம பேரன் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா, பின்னாடி டீம் லீடர் வந்து நின்னு வாட்சைத் தட்டுவார்.

அதே வேலையை இவங்க தலைகீழாப் பண்ணியிருக்காங்க. பேசறவங்க தான் எங்க இருக்காங்கன்னு ஒளிக்க வேண்டியதில்லை. 2008-ல இன்னொரு வடிவம் பண்ணாங்க. தெருவெல்லாம் இல்லை, ஒரு ஆபீஸ் ரூம். நீங்க தனியா உள்ள போவீங்க, போன் அடிக்கும். பேசிட்டே இருக்கும்போது ரூம்ல இருக்கிற கெட்டில் தானா கொதிக்க ஆரம்பிக்கும். கொல்கத்தாவிலேருந்து ஸ்விட்சைப் போடறாங்க! கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒரே ஆளோட பேச்சு. ஏ.ஹெச்.டி. இல்லாம ஒரு மணி நேரம். எங்க டீம் லீடர் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

நைட்ஷிஃப்ட், அந்தக் கொல்கத்தா ஊழியர் சொன்னதும் ஸ்க்ரிப்ட்தானே? கம்பெனி எழுதிக் கொடுத்ததற்குப் பதில் மூன்று டைரக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஜெர்மன்காரனுக்கு மாலைப் பொழுது இனிமையாகப் போச்சு. அந்தப் பக்கம் இருந்தவருக்கு அதுவும் ஒரு ஷிஃப்ட்.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

ஸ்க்ரிப்ட்தான், ஒத்துக்கறேன். ஆனா எதிர்ல இருக்கிறவன் என்ன சொல்லுவான்னு யாருக்கும் தெரியாதே. அந்த ஒரு மணி நேரத்துல ஸ்க்ரிப்டை விட்டு வெளிய வரவும் இடம் உண்டு. எனக்கு 'சாரி சார், ஐ அண்டர்ஸ்டாண்ட்' தாண்டி ஒரு வார்த்தை பேச அனுமதி இல்லை. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

அரங்காடி எழுதியது:

வெட்டிப்பேச்சு சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். ஆனால் இவர்களை 'எளிய மனிதர்களை மேடையேற்றுகிறவர்கள்' என்று மட்டும் பார்த்தால் சரியாக வராது. மேடையில் எளியவர்கள் மட்டும் இல்லை.

2005-ல் மன்ஹைமில் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் பழைய நாடகம் 'வாலன்ஸ்டைன்' எடுத்துக்கொண்டார்கள். 17-ம் நூற்றாண்டுப் படைத்தலைவன், சொந்தத் தரப்பாலேயே கைவிடப்பட்டுக் கொல்லப்பட்டவன். ஷில்லரின் வசனத்தை ஓரம் கட்டிவிட்டு, அந்த அனுபவம் இன்று யாரிடம் இருக்கிறது என்று தேடினார்கள். மேயர் பதவிக்கு நின்று, சொந்தக் கட்சிக்காரர்களாலேயே கவிழ்க்கப்பட்ட உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் கிடைத்தார். மேலதிகாரிகளை எதிர்த்து நின்ற கதையோடு வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். வாலன்ஸ்டைனுக்கு ஜோசியத்தில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆகவே தொழில்முறை ஜோசியர் ஒருவரும் மேடையில் இருந்தார்.

அந்த அரசியல்வாதி தன் பிரச்சாரம் எப்படித் திட்டமிடப்பட்டது, எப்படிக் கவிழ்ந்தது என்று சொல்லும்போது, அவர் மேடைக்குப் புதியவரே இல்லை என்பது தெரியும். பேசிப் பழகியவர். மக்கள் முன்னால் எந்த முகத்தைக் காட்டுவது என்று தெரிந்தவர். அதே முகத்தோடு தன் தோல்வியைச் சொல்கிறார். உண்மையா, இதுவும் ஒரு பிரச்சாரமா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். கடைசிவரிசை கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆமாம், திருப்பிச் சொன்னால் நடிப்பு நுழைந்துவிடும். ரிமினி அதை மறைப்பதில்லை. ஒருவர் தன்னையே எப்படி நடிக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறார்கள். அந்தத் தயாரிப்பு 2006-ல் பெர்லின் தியேட்டர்ட்ரெஃபன் விழாவுக்குத் தேர்வானது. ஜெர்மன் மொழி மேடையில் அந்த ஆண்டின் முக்கியமான நாடகங்கள் என்று நடுவர்கள் பொறுக்கியெடுக்கும் பட்டியல் அது.

கடைசிவரிசை எழுதியது:

இது புரிகிறது. ஆனால் பார்ப்பவர்களையும் உள்ளே இழுக்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள். பங்கேற்பு அரங்கு என்றால் எனக்கு உடனே மேடைக்குக் கூப்பிட்டு ஆட விடுவதுதான் ஞாபகம் வருகிறது, கூச்சமாக இருக்கும்.

அரங்காடி எழுதியது:

ஆட விடமாட்டார்கள், பயப்படாதீர்கள். இரண்டு உதாரணம்.

1999-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் போன் நகரத்திலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2002 ஜூன் 27 அன்று பெர்லினில் அவை கூடியபோது, அதே நேரத்தில் போன் நகரத்துப் பொதுமக்கள் 200 பேருக்கு மேல் ஹெட்ஃபோனில் உறுப்பினர்களின் பேச்சைக் கேட்டு, கேட்கக் கேட்க அப்படியே திருப்பிப் பேசினார்கள். யாருடைய குரலாக இருப்பது என்று அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். காலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டும்வரை. போன் நகரத்தில் இருந்த பழைய அவை மண்டபத்தைத்தான் முதலில் கேட்டிருந்தார்கள். அவையின் கண்ணியம் கெடும் என்று சபாநாயகர் வொல்ஃப்காங் தியர்ஸ மறுத்துவிட்டார். மக்கள் தங்கள் பிரதிநிதிகளின் வார்த்தைகளை மாற்றாமல் சொன்னால் கண்ணியம் எப்படிக் கெடும் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரு நாடாளுமன்றப் பேச்சில் பாதி, பேசுபவரின் அலங்காரம்தான் என்பதை அந்த மறுப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்னொன்று 2009 ஏப்ரல் 8. பெர்லினில் டைம்லர் கார் கம்பெனியின் பொதுக்குழு. ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். ரிமினி என்ன செய்தார்கள் என்றால், ஒன்றுமே செய்யவில்லை. தங்கள் பார்வையாளர்கள் சுமார் 200 பேரைப் பங்குதாரர்களாக உள்ளே அனுப்பி, கையில் ஒரு நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்து, இதை நாடகமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேடை, வெளிச்சம், தலைவரின் உரை, வரிசையில் நின்று மைக் பிடிக்கும் சிறு முதலீட்டாளர், எல்லாம் ஏற்கெனவே தயார். கண்காணிப்புக் குழுத் தலைவர் மன்ஃப்ரெட் பிஷோஃப் கூட்டத்தின் ஆரம்பத்திலேயே இது நாடகம் அல்ல என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைவிட நல்ல வசனம் யார் எழுத முடியும்?

நைட்ஷிஃப்ட் எழுதியது:

டைம்லர் பொதுக்குழுன்னதும் ஞாபகம் வருது. 2016-ல அங்க இலவசமா கொடுத்த சாசேஜை ஒருத்தர் வீட்டுக்குப் பொட்டலம் கட்டப் போய், இன்னொருத்தர் தட்டிக் கேட்டு, சண்டையாகி போலீஸ் வந்துச்சு! 5,500 பங்குதாரருக்கு 12,500 சாசேஜாம். ரிமினி ஏழு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க, க்ளைமாக்ஸை மிஸ் பண்ணிட்டாங்க.

வெட்டிப்பேச்சு எழுதியது:

ஹாஹா. சரி, இது ரசிக்கும்படி இருக்கிறது. பணக்காரன் வீட்டு விசேஷத்துக்குள் கூப்பிடாமல் நுழைவது எனக்கும் பிடிக்கும். ஆனால் போர், அகதி என்று போகும்போது என்ன செய்கிறார்கள்? அங்கேதான் எனக்கு உறுத்தல்.

ஸ்ப்ரேக்கரை எழுதியது:

அந்த உறுத்தல் எனக்கும் இருக்கு. 2013-ல செய்த 'சிச்சுவேஷன் ரூம்ஸ்' எண்டதைத் தேடிப் பாருங்கோ. ஆயுத வியாபாரத்தைப் பற்றினது. உள்ளுக்க ஒரு பெரிய செட் போட்டிருப்பினம், அறை அறையா: ஆஸ்பத்திரிக் கூடாரம், அலுவலகம், தொழிற்சாலை. 20 பேர் ஒரே நேரத்தில போகலாம். எல்லார் கையிலயும் ஐபேட், காதில ஹெட்ஃபோன். ஐபேட்டில தெரியிற அறையும் நீங்கள் நிக்கிற அறையும் ஒண்டு. படத்தில வாற ஆள் எந்தக் கதவைத் திறக்கிறாரோ, நீங்களும் அந்தக் கதவைத் திறந்து போக வேணும். 20 பேரின்ர கதை இருக்கு, ஒராளுக்கு 10 தான் கிடைக்கும். ஒரு கதை ஏழு நிமிசம் வரும். கொங்கோவில பிள்ளைப் பராயத்தில துவக்குத் தூக்கினவர், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின்ர வைத்தியர், ஆயுதக் கம்பனி ஆள், எல்லாரும் அதுக்குள்ள.

கடிகார வேலை மாதிரி அவ்வளவு நுட்பம். நான் வைத்தியரா நிக்கேக்க எனக்கு முன்னால வாற ஆள் தன்ர ஐபேட்டில வேறையாரோ. ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பாக்க நேரமில்லை, அடுத்த கதவு. அதுதான் எனக்குப் பிரச்சினையும். போருக்குள்ள இருந்து வந்த ஆக்களுக்கு, ஏழு நிமிசத்தில ஒரு குழந்தைப் போராளியாகி, அடுத்த ஏழு நிமிசத்தில ஆயுதக்காரராகிறது கொஞ்சம் விளையாட்டு மாதிரித் தெரியும். என்னோட வந்த ஜெர்மன் நண்பர் வெளியில வந்து 'நல்ல அனுபவம்' எண்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை, கோப்பி குடிச்சுப் போட்டு வந்திட்டன்.

இதே ஆக்களில ஹௌக் 2021-ல செய்த 'ஆல் ரைட். குட் நைட்.' அதுக்கு நேரெதிர். 2014 மார்ச் 8-ல 239 பேரோட காணாமல் போன மலேசிய விமானமும், மறதி நோயில மெல்ல மெல்லக் காணாமல் போன அவவின்ர அப்பாவும். மேடையில ஒருத்தரும் கதை சொல்லுறதில்லை. எழுத்து திரையில ஓடும், வாத்தியக்காரர் வாசிப்பினம், நீங்கள் பேசாமல் வாசிச்சுக்கொண்டு இருக்க வேணும். ஓடித் திரியிற வேலை இல்லை. ஆனா அந்தச் சனத்துக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நீங்களாத்தான் யோசிக்க வேணும். அது எனக்கு ஐபேட்டை விடக் கிட்ட வந்தது.

கடைசிவரிசை எழுதியது:

ஸ்ப்ரேக்கரை, இதற்காகத்தான் இழையைத் திறந்தேன். பாராட்டு மட்டும் வந்தால் விக்கிப்பீடியா படித்துவிட்டுப் போயிருப்பேன்.

இன்னொரு கேள்வி. எழுத்து என்று சொன்னீர்கள். ஆட்கள் தங்கள் கதையைத்தான் சொல்கிறார்கள் என்றால், பிரதியை எழுதியது யார்?

அரங்காடி எழுதியது:

அதே சண்டை ஜெர்மனியிலும் நடந்தது. ஹௌக்கும் வெட்செலும் 2006-ல் டுசல்டார்ஃபில் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியை மேடையேற்றினார்கள். பொருளாதார வரலாற்றாளர் தாமஸ் குச்சின்ஸ்கி, கண் தெரியாத கால் சென்டர் ஊழியர் என்று பலர் மேடையில். பார்வையாளர்கள் கையிலும் அந்த நீல அட்டைப் புத்தகம். பக்க எண் சொன்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். 2007-ல் அதற்கு ம்யூல்ஹைம் நாடகாசிரியர் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த நாடகப் பிரதிக்குக் கொடுக்கிற பரிசு. வேறு யாரும் எடுத்துப் போட முடியாத, அந்தந்த ஆட்கள் இல்லாமல் நிற்காத ஒன்றை எப்படிப் பிரதி என்பது என்று பெரிய வாக்குவாதம். என் கட்சி, அது பிரதிதான். மணிக்கணக்கில் பேசவிட்டு, அதில் எதை வைப்பது, யாருக்கு அடுத்து யார், எந்த வரியில் நிறுத்துவது என்று முடிவு செய்வது எழுத்துவேலைதான். ஆகவே வெட்டிப்பேச்சு கேட்ட 'நெய் யாருடையது' என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. எழுத்து என்று சொன்னால் அதிகாரமும் அவர்களுடையது என்று ஆகிவிடுகிறதே.

வெட்டிப்பேச்சு எழுதியது:

வந்தீர்களா வழிக்கு! சரி, ஆட்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமல் செய்த ஏதாவது உண்டா?

அரங்காடி எழுதியது:

உண்டு. 2018-ல் மியூனிக்கில் கேகி செய்தது. தாமஸ் மெல்லெ என்ற எழுத்தாளர், இருமுனைக் கோளாறோடு வாழ்பவர், அதைப் பற்றி எழுதியவர். அவரைப் போலவே ஒரு ரோபோ செய்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ரோபோ தனியாக ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றும். தலையின் பின்பக்கம் திறந்து ஒயர் தெரியும். கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்று பயந்து வாழ்ந்த மனிதரின் கதையை, கட்டுப்பாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத பொம்மை சொல்கிறது. அது ஊர் ஊராகப் போகும், மெல்லெ வீட்டில் இருக்கலாம். திருப்பிச் சொல்லும் சுமை அவருக்கு இல்லை. கடைசிவரிசையின் முப்பதாவது தடவைப் பிரச்சினையை இதைவிடக் குரூரமாக யாரும் தீர்த்திருக்க முடியாது.

ஸ்ப்ரேக்கரை எழுதியது:

2021-ல செய்த 'வராதவர்களின் மாநாடு'வையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. உலகத்தில எங்கெங்கயோ இருக்கிற ஆக்களின்ர உரை, ஆனா ஒருத்தரும் பிளேன் ஏறி வாறதில்லை. வீடியோவும் இல்லை. பார்க்க வந்த சனத்தில ஆராவது எழும்பி மேடைக்குப் போய் அவையின்ர இடத்தில பேச வேணும். முன்கூட்டி ஒத்திகை ஒண்டும் கிடையாது.

வெட்டிப்பேச்சு எழுதியது:

டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, மேடையில் வேலையும் நானே பார்க்கணுமா?

நைட்ஷிஃப்ட் எழுதியது:

சூப்பர் மார்க்கெட்ல பில் போடற மெஷின்ல நீங்களேதானே போடறீங்க, அங்க ஏன் கேட்கலை?

வெட்டிப்பேச்சு எழுதியது:

அங்கே கைதட்டல் கிடைக்காது. அடுத்த தடவை பெர்லின் பக்கம் வந்தால் ஸ்ப்ரேக்கரை டிக்கெட் எடுத்துத் தரட்டும், மேடையேறிப் பார்க்கிறேன்.